நாற்பது நாள் என்று சொன்னவன்

நாற்பது என்று சொன்னது அவனுடைய வாய்தான். வேறு எவனும் உள்ளே புகுந்திருந்து சொல்லவில்லை. எத்தனை நாள் உன்னை அடைத்து வைத்திருந்தார்கள் என்று முதல் இன்ரவியூவில் அந்த வெள்ளைக்கார அதிகாரிப் பெட்டை கேட்டாள், இவன் நாற்பது என்றான், அவள் கணினியில் தட்டினாள், கடைசியில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். ஒன்றரை வருடமாகச் சந்தியோகு குலாஸ் அந்த நாற்பதைத்தான் மென்றுகொண்டிருக்கிறான். இன்றைக்கு லண்டனில் இந்தத் தீர்ப்பாயத்தின் காத்திருப்பு அறையில், தரையோடு திருகி இறுக்கிய நீலக் கதிரையில் இருக்கும்போதும் அதுவேதான் வாய்க்குள் உருளுகிறது. கதிரையை ஏன் இறுக்குகிறார்கள்? அகதி தலையில் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான் என்றா? எதிர்ச்சுவரில் இன்றைய வழக்குப் பட்டியல். ஆறு பெயர், மூன்றாவது இவனுடையது. முதல் ஆள் உள்ளே போய் முக்கால் மணித்தியாலம் ஆகிறது, அவனுடைய மனுசி ஜன்னலோரம் நின்று கைப்பையின் சிப்பை இழுத்து இழுத்து மூடுகிறாள், அந்தச் சத்தத்துக்கு எழுந்து போய் ஏதாவது சொல்லவேண்டும் போல இருக்கிறது. சொல்லக்கூடாது. இது சண்டை பிடிக்கிற இடம் இல்லை. அகதிக் கோரிக்கையை மறுத்து ஒன்பது மாதம், அதற்குப் போட்ட அப்பீல் இது, இதிலும் மறுத்தால் விமானம், விமானம் இறங்குகிற இடத்தில் இவனுடைய பெயரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களின் முகம் இவனுக்குத் தெரியும். அவர்களுக்கும் இவனைத் தெரியும். ஆனால் நாற்பது? பொய் என்று சொல்லாதே, அது பொய் இல்லை, அது தொடக்க விலை. பதினாறு வயதில் ஐஸ் பெட்டி தூக்கத் தொடங்கி, அடியும் உதையும் வாங்கிச் சொந்த லொறி எடுத்து, மன்னார்க் கரையில் அறுக்குளாவும் பாரையுமாக மீன் வாங்கிக் கொழும்புப் பக்கம் அனுப்பினவனுக்கு முதல் வார்த்தையில் உண்மை சொல்லி என்ன பழக்கம்? படகுக்காரன் ஆயிரம் என்பான், இவன் ஐந்நூறு என்பான், இவனுடைய தாயை அவன் இழுப்பான், அவனுடைய பரம்பரையை இவன் இழுப்பான், எழுநூறில் வந்து நின்று இரண்டு பேரும் ஒரே போத்தலில் சோடா குடிப்பார்கள். உலகம் அப்படித்தான் நடந்தது. சொன்னதில் பாதியைத்தான் எவனும் நம்புவான், ஆகவே இரண்டு பங்காகச் சொல். 'நாற்பதா, விளையாடாதே, ஒரு இருபது இருக்குமா' என்று அவள் கேட்டிருக்கவேண்டும். கேட்டிருந்தால் கொஞ்சம் முறுகிவிட்டுப் பத்தொன்பதுக்கு வந்திருப்பான். அவள் குறைக்கவே இல்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். சொன்ன விலைக்கே வாங்குகிறவனைக் கண்டால் எந்த வியாபாரிக்கும் சந்தேகம் வரும், அன்றைக்கு இவனுக்கும் வந்தது, ஆனாலும் வாயைத் திறந்து திருத்தவில்லை. ஏன் திருத்தவில்லை? அதை இப்போது யோசிக்காதே.

"அண்ணை, காலை ஆட்டாதேங்கோ. கதிரை முழுக்க ஆடுது" என்றான் பக்கத்தில் இருந்த தவபாலன். "கதிரை ஆடாது. இறுக்கி வைச்சிருக்கிறாங்கள்." "அப்ப ஆடுறது நான்தான் போல." தவபாலன் இவன் இருக்கிற வீட்டில் பக்கத்து அறைக்காரன், வவுனியா ஆள், அகதி அந்தஸ்து கிடைத்து எட்டு வருடம். கிடைத்தவன் எல்லாம் அரைச் சட்டத்தரணி. வழக்கைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து மொழிபெயர்க்க வருகிறேன் என்ற பெடியன் காய்ச்சல் என்று வராததால், வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தவன், நல்லவன்தான், ஆனால் வாய் மூடாதவன். "கேளுங்கோ அண்ணை. உள்ள கேட்டால் ஒரே சொல். அடி, பயம், நாள் குழம்பிப்போச்சு. அவ்வளவுதான். வாக்குமூலத்தில அப்பிடித்தானே எழுதிக் கிடக்கு." கிடக்கு. சட்டத்தரணி அலுவலகத்தில் ஆயத்தமாக வைத்திருந்த வசனம் அது, எத்தனை பேருடைய வாக்குமூலத்தில் ஒட்டினார்களோ. அடியாலும் அதிர்ச்சியாலும் எனக்கு நாட்கணக்குக் குழம்பிவிட்டது. குழம்பினவனா இவன்? ஒவ்வொரு நாளும் தெரியும். நவம்பர் இரண்டு, இறந்தோர் திருநாள் பின்னேரம், கோயில் வாசலில் வைத்து ஆமி வாகனத்தில் ஏற்றினார்கள். விட்டது நவம்பர் இருபத்தொன்று, காணிக்கை மாதா திருநாள், அன்றைக்கு வீட்டில் மனுசி றெஜினா சொதி வைத்திருந்தாள், இவனால் உதட்டைத் திறக்க முடியவில்லை, மகள் கரண்டியால் பருக்கினாள். பத்தொன்பது. இரண்டாவது இன்ரவியூவில் வேறொரு அதிகாரி, இவனே கொடுத்த மன்னார் ஆஸ்பத்திரி அட்டையை மேசையில் வைத்து விரலால் தட்டினான். நவம்பர் இரண்டில் பிடித்து நாற்பது நாள் என்றால் டிசம்பர் பன்னிரண்டு, அப்படியானால் நவம்பர் இருபத்துமூன்றில் உங்கள் முதுகுக்கு மருந்து கட்டியது எப்படி? இவன் மூச்சு விடாமல் பத்தொன்பது என்று இறங்கினான். பிடிபட்டவுடன் இறங்குகிறதில் வெட்கம் இல்லை, சந்தையில் எல்லோரும் இறங்குவார்கள். ஆனால் மறுப்புக் கடிதத்தின் இருபத்தேழாம் பந்தியில், விண்ணப்பதாரர் தடுப்புக் காலத்தைப் பாதிக்கு மேல் குறைத்ததற்கு ஏற்கத்தக்க விளக்கம் தரவில்லை, ஆகவே தடுப்பு நடந்ததாகவே ஏற்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். பத்தொன்பதும் போய்விட்டது. பூச்சியம். எத்தனையோ பேயன்களோடு விலை பேசியிருக்கிறான், நாற்பதிலிருந்து ஒரே வெட்டில் பூச்சியத்துக்கு இறக்குகிறவனை வாழ்க்கையில் கண்டதில்லை.

காலையில் பாரிஸ்டர் இவர்களைச் சின்ன அறை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மிஸ் ஒக்கஃபோர், கறுப்பினப் பெண், முப்பது வயது இருக்குமோ, சப்பாத்தின் குதி ஒருபக்கம் தேய்ந்திருந்தது, அதைப் பார்த்ததும் இவனுக்கு அவள்மேல் ஒரு நம்பிக்கை வந்தது, நடந்து பிழைக்கிறவள். பெரிய கட்டுக் கோப்பைத் திறந்து வைத்து, இவனைப் பார்த்து நெடுக ஏதோ கேட்டாள். தவபாலன் தமிழாக்கினான். "நீங்கள் நாளை மறக்கிற ஆள் மாதிரித் தெரியேல்லையாம். முதல் தரம் ஏன் நாப்பது எண்டு சொன்னனீங்கள் எண்டு கேக்கிறா. குழப்பம் எண்டு சொல்லுங்கோ அண்ணை." பாரிஸ்டர் தவபாலனைப் பார்த்தாள். கடைசியாக என்ன சொன்னீர் என்று அவனையே கேட்டிருக்கவேண்டும், அவன் காது சிவந்து ஒன்றுமில்லை என்று கையை விரித்தான். இவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு சேர்ந்து கோபமும், இவ்வளவு தூரம் வந்து மற்றவன் எழுதின வசனத்தையா சொல்லப்போகிறேன் என்று. "வியாபாரப் பழக்கம் மிஸ். கூட்டிச் சொன்னால்தான் குறைப்பாங்கள் எண்டு சொன்னனான். அவ குறைக்கேல்லை." தவபாலன் தலையில் கை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தான். அவள் பேனையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள், பிறகு எழுதினாள், பிறகு சிரிக்காமல் கேட்டாள், இது உண்மையா, வேறு ஏதாவது இருக்கிறதா, என்னிடம் இப்போது சொல்லாத ஒன்றை உள்ளே அவர்கள் தோண்டி எடுத்தால் என்னால் ஒன்றும் செய்ய ஏலாது. "உண்மை" என்றான். வேறு ஒன்றும் இல்லை என்றான். உண்மைதான். எழுநூறு ரூபாய் உண்மை. ஆயிரத்தின் மிச்சத்தை இவன் வெளியே எடுக்கவில்லை. தவபாலன் அந்த அறையில் இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பானா? இந்த நாட்டுக்காரருடைய காதில் விழுந்தால் காகிதத்தோடு நின்றுவிடும், தமிழ்க் காதில் விழுந்தால் இரவைக்கே மன்னாருக்குப் போய்ச் சேரும். போய் எந்த வீட்டுக் கதவைத் தட்டும் என்று இவனுக்குத் தெரியும்.

அந்த வீட்டுக்காரி எழுதிய கடிதம் மிஸ் ஒக்கஃபோரின் கோப்பில் அறுபத்துமூன்றாம் பக்கம். வழக்கில் இருக்கிற நல்ல சாட்சியங்களில் இது ஒன்று என்று அவள் விரலால் தட்டிச் சொன்னாள். எழுதியவள் அக்னேஸ் அக்கா, கோயில் சங்கிலித்தாம் அருளப்புவின் மனுசி. சங்கிலித்தாம் என்றால் பூசைக்கு மெழுகுதிரி கொளுத்தி, உடுப்பு மடித்து, மணி அடிக்கிற ஆள். மெலிந்த மனுசன், பீடி, வாய் திறந்து யாரோடும் சத்தம் போட்டதில்லை, திருநாளில் தேருக்குப் பின்னால் நடந்தாலும் யாருக்கும் நினைவில் நிற்காது. பேச்செல்லாம் அக்னேஸ் அக்காதான். யுத்தத்தில் காணாமல் போனவர்களின் பெயரை வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவள் அவள். அறுபத்துமூன்று பெயர், அதில் சந்தியோகுவின் தம்பியும் ஒருவன். இறந்தோர் திருநாள் பூசை முடிவில் வாசிக்கலாம் என்று பாதர் சம்மதித்தார். "வாசிக்கிறது நீதான் சந்தியோகு. மீன் வித்த குரல் உனக்கு, கடலுக்குள்ள கிடந்தாலும் கேக்கும்" என்றாள் அக்கா. அப்போதுதான் கோயில் முற்றத்தில் அந்தச் சண்டை. ஒரு கிழவி நிலத்தில் அடித்துக் கத்தினாள், என்ர பிள்ளைக்குத் துக்க மணி அடிக்கப் போறியளோ, அவன் சாகேல்லை, மணி அடிச்சு அவனைச் சாக்கொல்லாதேங்கோ. செத்தவர்களுக்கு எங்கள் கோயிலில் மணியை விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருப்பார்கள், ஒன்று, பிறகு இன்னொன்று, கேட்கிறவன் யார் போனது என்று தெருவுக்கு வருவான். அதற்கு அக்னேஸ் அக்காதான் ஒரு வழி கண்டாள். "ஒரு பேருக்கு ஒரு அடி. அதுக்குமேல இல்லை. ரெண்டாவது அடி விழுந்தால்தான் செத்தவன்" என்று புருசனைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுதோ? ரெண்டாம் அடி அடிச்சியளோ, கையை முறிச்சுப் போட்டிருவன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அந்தக் கிழவியும். அருளப்பு பீடியை அணைத்துவிட்டுத் தலையை ஆட்டினான். இறந்தோர் திருநாளன்றைக்குச் சந்தியோகு ஒரு பெயரை வாசிப்பான், மணி ஒருதரம் அடிக்கும், அடித்த கையோடு அருளப்பு ஏணியில் நின்று மணி நாக்கை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பான், அந்த இரும்பு அதிர்ந்து அடங்குகிறது கீழே நிற்கிறவர்களுக்குப் பல்லில் தெரியும். அறுபத்துமூன்று தரம். ஒருதரமும் கை தவறவில்லை. தம்பியின் பெயர் வந்தபோது இவனுக்குக் குரல் உடைந்தது, அருளப்பு பொறுத்திருந்து அடித்தான்.

அன்றைக்குப் பின்னேரம் ஏற்றிக்கொண்டு போன ஆமிக் கேம்பில் ஒரு மேசை, மேசையில் சுழலுகிற ஒரு விசிறி, நல்ல தமிழ் பேசுகிற ஒருவன். அந்தத் தமிழ்தான் இன்றைக்கும் நினைவில் நிற்கிறது, அடித்தவர்களின் முகத்தை விட. "பட்டியல் போட்டது யார்? உன்னைத் தவிர இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரும் வேண்டும்." இருந்தார்கள்தான், அக்னேஸ் அக்காவும் பாதரும். பதினெட்டு நாள் இவன் தெரியாது என்றான். பதினெட்டு நாளும் அது சத்தியமாய்த் தொடக்க விலை இல்லை, அதுதான் விலை, அதை யாரும் எடுத்துவிட ஏலாது, வழக்குக்காகத் தழும்பு எண்ணின டொக்டர் எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நாள் காலை அவன் விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இன்றைக்கு உன் மகளையும் கூட்டிவரச் சொல்லட்டுமா என்று தேத்தண்ணீர் வேண்டுமா என்பதுபோலக் கேட்டான். அந்த நேரத்தில் மற்ற மனுசருக்கு என்ன நடக்கும்? அழுவார்களா, செபம் வருமா? இவனுக்குள் வியாபாரிதான் எழும்பினான். ரெண்டு தர ஏலாது. ஒண்டு தாறன். அவன் சிரித்தான், நீ மீன்காரன்தானடா என்றான். இவன் அருளப்பு என்றான். அருளப்பு பட்டியலில் ஒரு எழுத்தும் எழுதாதவன், ஒன்றும் தெரியாதவன், பிடித்தாலும் இரண்டு நாள் விசாரித்துவிட்டு இவன் மணி அடிக்கிறவன் மட்டும்தான் என்று விட்டுவிடுவார்கள். பெட்டியின் அடியில் சதை கலைந்த மீனைத் தள்ளிவிடுகிற மாதிரி, திரும்பி வந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் கொடுத்தான். "மற்ற ஆளை டிசம்பரில் நத்தார்ப் பெருநாளுக்கு முன்னம் கொண்டுவா" என்று சொல்லி இவனை விட்டார்கள். அடுத்த நாள் விடியக் காலமை அருளப்புவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அது திரும்பி வரவில்லை. இவன் நத்தாருக்கு முன்னம் நாட்டை விட்டு ஓடினான், மற்றப் பெயரைச் சொல்லாமல் ஓடினான், அதையாவது எழுதிக்கொள், யார் எழுதப்போகிறார்கள்?

அக்காவின் கடிதம் இவனுக்கு மனப்பாடம். பிள்ளைகளின் கொப்பியில் கிழித்த தாள். சந்தியோகுவை நவம்பர் இருபத்தொன்று விட்டவை. இருபத்திரண்டு காலமை என்ர மனுசனைப் பிடிச்சவை. அந்தப் புண்ணுடம்போட சந்தியோகு என்னோட கேம்ப் வாசலுக்கு வந்து பின்னேரம் வரைக்கும் நிண்டவர். கூடப்பிறந்த தம்பியும் அப்பிடி நிக்கமாட்டான். நின்றான். அவள் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்ர மனுசன் மணிதான் அடிச்சவர் என்று கத்தியபோது, பக்கத்தில் நின்று அவளுக்கு வெயில் படாமல் துவாய்த் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து அந்தத் தமிழ்க்காரன் ஜன்னலால் பார்த்தான், இவனைப் பார்த்துத் தலையை அசைத்தான், தெரிந்த ஆளுக்கு அசைக்கிற மாதிரி. இருபத்தொன்று. இருபத்திரண்டு. இரண்டும் ஒட்டிக் கிடக்கிற தேதி. யாராவது இரண்டு விரலை அதில் வைத்தால் போதும். நாற்பது என்றால் ஒட்டாது. நாற்பது என்றால் அருளப்புவைப் பிடித்த காலையில் இவன் இன்னும் உள்ளே கிடக்கிறான், கண் கட்டி, ஒன்றும் அறியாமல். வியாபாரப் பழக்கமாம். அந்தப் பெட்டை குறைத்திருந்தாலும் இவன் குறைத்திருக்கமாட்டான், அதுதான் சங்கதி. ஆஸ்பத்திரி அட்டையைக் கொடுத்த மடையன் தான்தான், தழும்புக்குச் சாட்சி வேண்டும் என்ற அவசரத்தில் தேதியைப் பார்க்கவில்லை.

கதவு திறந்து முதல் ஆள் வெளியே வந்தான், மனுசி சிப்பை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள், அவன் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினான். இரண்டாவது ஆளின் சட்டத்தரணி வராததால் இவனுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவள் பெயரைக் கொத்திப் பிய்த்துக் கூப்பிட்டாள். உள்ளே ஒரு சாதாரண அறை, சிங்கமும் குதிரையும் போட்ட ஒரு முத்திரை சுவரில், கடதாசிக் குவளையில் தண்ணீர். வேதப்புத்தகத்தில் கை வைக்கச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தான், சொல்லவில்லை, அது இவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. நீதிபதி கண்ணாடி போட்ட வயதான ஆள், தானே தட்டச்சுச் செய்தார். பின்வரிசையில் தவபாலன். மொழிபெயர்க்கிற அம்மா யாழ்ப்பாணம், நரைத்த கொண்டை, கம்பளிக் கோட்டு. "என்ர தமிழ் உங்களுக்கு விளங்குதோ தம்பி?" விளங்கியது. அதுதான் கரைச்சல். அரச தரப்புக்கு வந்தவன் இளைஞன், தடிமன் பிடித்த மூக்கு, ஒவ்வொரு கேள்விக்கும் முன் மூக்கை உறிஞ்சினான். நாற்பதுக்கு வந்தான். இவன் வியாபாரப் பழக்கத்தைச் சொன்னான், நீதிபதி தட்டுவதை நிறுத்தி இவனை ஒருதரம் பார்த்தார், நம்பினாரா தெரியாது. பிறகு அவன் மூக்கை உறிஞ்சிவிட்டு, கோபமே இல்லாமல், பலசரக்குப் பட்டியல் வாசிக்கிறவன்போலச் சொன்னதை அம்மா தமிழாக்கினா. "பத்தொன்பது நாள் எண்டே வைச்சுக்கொள்ளுவம். வழக்குப் போடேல்லை, பிணை கேக்கேல்லை, சும்மா விட்டிட்டினம். உங்களில அவைக்கு ஒரு அக்கறையும் இல்லாதபடியால்தானே விட்டவை? அப்ப திரும்பிப் போக என்ன பயம்?"

சும்மா விட்டவங்களாம். அந்தச் சொல்தான் சுட்டது. இந்த மூக்குச் சளிக்காரன், பத்தொன்பதாம் நாளைச் சும்மா என்கிறான். எழுந்து மேசையைப் புரட்டலாம் போல இருந்தது. இல்லை, அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசி விட்டார்கள், எனக்குத் தெரியாது என்று சொல்லலாம், அப்படிச் சொன்னால் விமானம். உண்மையைச் சொன்னால், பின்வரிசையில் தவபாலன். சொன்னால், துவாய் பிடித்துக்கொண்டு நின்ற கை. கடதாசிக் குவளை கைக்குள் நசிந்து தண்ணீர் காற்சட்டையில் ஊற்றியது, அது குளிர்ந்தது, அந்தக் குளிரோடு வாய் தானாகத் திறந்தது. "சும்மா விடேல்லை. ரெண்டு பேரைக் கேட்டவங்கள். நான் ஒருத்தற்ர பேரைச் சொன்னன். மற்றதை நத்தாருக்கு முன்னம் கொண்டுவரச் சொல்லித்தான் விட்டவங்கள். நான் கொண்டுபோகேல்லை. ஓடி வந்திட்டன். போனால் அதைத்தான் கேப்பாங்கள்." அம்மா தன் கைகளைப் பார்த்தா. பிறகு ஒரு சொல்லும் தவறாமல் ஆங்கிலத்தில் சொன்னா. பின்னால் ஒரு கதிரை முனகியது. மிஸ் ஒக்கஃபோர் நிமிர்ந்தாள், பேனை ஓடியது, அறுபத்துமூன்றாம் பக்கத்தை அவள் விரல் தேடிப் போவதை, இரண்டு தேதியிலும் அந்த விரல் நிற்பதை இவன் பார்த்தான். அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். இருபது வருடம் வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பிழைத்தவன் இவன், அந்த வெளிச்சத்தைத் தெரியும். விலை படிந்துவிட்டது. அருளப்புவைக் கொடுத்து அன்றைக்கு வெளியே வந்தான், இன்றைக்கும் அவனைக் கொடுத்துத்தான் இந்த நாட்டுக்கு உள்ளே போகப்போகிறான். நீதிபதி கேட்டார், அம்மா கேட்டா, யாருடைய பெயர் என்று. இவன் தலையை நிமிர்த்திக் கோயிலில் வாசித்த குரலில், கடலுக்குள் கிடந்தாலும் கேட்கிற குரலில், "அருளப்பு" என்றான். ஒரு அடி. அறை அதிர்ந்து அடங்கியது. அப்படியே விட்டிருக்கலாம், அப்படியே பொத்திப் பிடித்திருக்கலாம் யாராவது. நீதிபதி விசைப்பலகையின் மேல் விரலை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் பார்த்து, மரியாதையாக ஏதோ சொன்னார். "பதியிறதுக்காம் தம்பி" என்றா அம்மா, குரல் இறங்கி. "வடிவாப் பிடிபடேல்லையாம். பேரை இன்னொருக்கால் சொல்லட்டாம்." இவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். தவபாலன் இருந்த கதிரை வெறுமையாய் இருந்தது. முன்னால் எல்லோரும் காத்திருந்தார்கள். காற்சட்டைத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"அருளப்பு" என்றான், இரண்டாம் தரம்.